அனுப்புநர்

எட்செல் அஞ்சலகத்தில்
காலை ஆறரைக்குப் பை கட்டுவேன்.
பள்ளத்தாக்கில் மொத்தம் ஆறு வாசல்.
எஸ்க் ஆறு இறங்கி வரும்,
நானும் சைக்கிளும் அதை எதிர்த்து ஏறுவோம்.

அந்தக் கோடையில் ஆறாம் வீட்டில் தங்கியிருந்த
நார்வேக்காரி சுன்னிவா கேட்டாள்:
"பெத்தியா, எப்படியும் எல்லா வாசலிலும் நிற்கிறாய்,
வாசலுக்கு ஒரு கல் எடுத்து வா.
சுவர்க்கல் வேண்டாம், உதிரிக்கல் வேண்டாம்.
மண்ணுக்குள் வேர்விட்ட பாறையில் உடைத்தது வேண்டும்."
சுத்தியலும் அவளே தந்தாள்.

கடிதம் குறையக் குறையப்
பை கனத்தது.
இருபத்தேழு வருட வேலையில்
அப்படி நடந்தது அன்று ஒருநாள்தான்.

ஆறையும் ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்தாள்.
முதல் வாசல்: பச்சையோடிய சாம்பல் பலகைக்கல்,
தட்டினால் தகடாகப் பிரியும்.
மூன்றாம் வாசல் கல்லில்
மைக்கா மினுமினுக்க நடுநடுவே கார்னெட்,
உறைந்த ரத்தத்தின் நிறம், மிளகின் அளவு.
ஐந்தாவதில் நீலக் கத்திகளாய்க் கயனைட்.
ஆறாவதில் கறுப்பும் வெள்ளையும்
வரிவரியாகப் பிரிந்து நின்றன,
சண்டை போட்டவர்கள்
ஒரே கட்டிலின் இரு ஓரத்தில் படுப்பதுபோல.

"எல்லாம் ஒரே சேறு" என்றாள்,
"ஒரு கடலின் அடிச்சேறு."

"உருகிவிட்டதா?"

"உருகவே இல்லை. உருகினால் வேறு குடும்பம், வேறு பெயர்.
இது கல்லாக இருந்தபடியே வேறு கல்லானது."
ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள்.
இரண்டு நிலங்கள் நெருங்கி வந்தனவாம்.
இடையிலிருந்த கடலுக்கு ஒதுங்க இடமில்லை,
கீழே போனது.
அழுத்திய கைக்குக் குறுக்கே
மைக்கா ஒவ்வொன்றும் திரும்பிப் படுத்துக்கொண்டது.
கீழ்வாசல் சேறு கொஞ்சம் வெந்தது,
மேல்வாசல் சேறு மிகவும் வெந்தது.
நான் ஏறுகிறேன் என்றுதான் இத்தனை காலம் நினைத்தேன்;
தினமும் ஒரு உலைக்குள் இறங்கியிருக்கிறேன்.

நான் கடிதம் பிரிப்பது போகும் ஊரைப் பார்த்து.
அவள் கல்லைப் பிரிப்பது
எங்கிருந்து வந்தது, வழியில் என்ன பட்டது என்று பார்த்து.
முதலில் அனுப்புநர்:
சேறா, மணலா, சுண்ணாம்பா?
மணல் குவார்ட்சைட் ஆகும், சுண்ணாம்பு சலவைக்கல் ஆகும்,
எவ்வளவு அழுத்தினாலும் இரண்டுக்கும் ஏடு வராது.
அப்புறம் முத்திரை:
கார்னெட் ஒரு சூட்டில் குத்தியது,
கயனைட் அதற்கும் அடியில்,
சில்லிமனைட் கடைசி அலுவலகம்.
பெறுநர் பெயர் மட்டும் எதிலும் இல்லை.

பிறகு இரண்டாம் வாசல் கல்லைக் கையிலெடுத்தாள்.
வெளிச்சத்தில் திருப்பினாள்.
உருப்பெருக்கியைக் கண்ணோடு ஒட்டினாள்.
வெண்ணிற இழைகள், நரைமுடிபோல.
"சில்லிமனைட். இது அங்கே பிறந்ததில்லை."

மழை பெய்தது என்றேன்.
குரூக்‌ஷாங்க் வீட்டு நாய் அவிழ்ந்து கிடந்தது என்றேன்.
கீழே கிடந்ததைப் பொறுக்கினேன் என்று கடைசியில் சொன்னேன்.

அவளுக்குக் கோபமில்லை.
பனியாறு ஒருகாலத்தில் இந்த வழியே இறங்கியது,
மேலிருந்து பெயர்த்து இழுத்துவந்து
தப்பான வாசலில் போட்டுவிட்டுக் கரைந்தது என்றாள்.
என் தொழிலில் அதற்குச் சம்பளம் பிடிப்பார்கள்.

செப்டம்பரில் ஐந்து கற்களைப் பெர்கனுக்குப் பொதி கட்டினாள்.
எடை போட்டு நான் சொன்ன தொகைக்கு முகம் சுளித்தாள்.
இரண்டாம் வாசலுக்குப் பழைய உறையில்
வேறு கல் வந்திருந்தது, அவளே போய் உடைத்தது.

தப்பான கல் என் மேசையில் தங்கிவிட்டது.
உரியவர் கிடைக்காத பொருளை
அனுப்பியவருக்கே திருப்ப வேண்டும், அது விதி.
அனுப்பியது ஒரு கடல்.
அது குடிபெயர்ந்து
நாற்பது கோடி வருடத்துக்கு மேலாகிறது.

தபால்தலைத் தாள்களின்மேல் வைத்திருக்கிறேன்.
கதவைத் திறந்துபோட்டு வருகிறவர்கள் அதிகம் இங்கே.